ஆரோக்கியமேரியும் மடவைப் புள்ளியும்

என் ஓரகத்தி ஆரோக்கியமேரி யாரையும் நம்ப மாட்டாள். ஏலக்காரர் தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். மண்ணெண்ணெய் வாங்கினால் கடைக்காரர் எதிரிலேயே விரலில் தொட்டு மோந்து பார்ப்பாள். மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போது எல்லாரும் கண்ணை மூடியிருக்க, இவள் கண் மட்டும் தட்டுக்குப் பின்னாலேயே போகும். என் வீட்டுக்காரரின் அண்ணன் தானியேலைக் கட்டிக்கொண்டு வந்தவள். கல்யாணத்தன்றே மோதிரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தாள் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் பொய்யாக இருக்காது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், மீன் ஆராய்ச்சி ஆபீசிலிருந்து கோதண்டம் என்று ஒரு ஆள் எங்கள் ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்தான். காட்டூர்க்காரன், நெல் விளைகிற ஊர். கையில் ஒரு அளவுப் பலகை. படகு கரைக்கு வந்ததும் மடவை மீனை ஒவ்வொன்றாகப் பலகையில் கிடத்தி நீளம் பார்ப்பான், வயிற்றை அமுக்கிச் சினை இருக்கிறதா என்று பார்ப்பான். பங்குனியில் கரையோரம் சின்ன வலையை இழுத்து, குஞ்சு எத்தனை என்று எண்ணுவான். எதுக்குப்பா என்று கேட்டால், தாய் எத்தனை, அதுக்குப் பிள்ளை எத்தனை பிழைச்சு வருதுன்னு வருஷா வருஷம் பார்க்கிறோம் என்பான்.

எங்களுக்குப் பயம் வந்தது அந்தப் பேச்சில்தான். அதற்கு முந்தின வருஷம்தான் வேறு சிலர் வந்து, வீட்டுக்கு எத்தனை பொம்பளை, எத்தனை பிள்ளை என்று கேட்டுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் வேன் வந்தது. ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி அனுப்பினார்கள். தானியேலும் அதில் ஒருத்தர்.

"மொதல்ல எண்ணுவானுங்க, அப்பறம் நிறுத்துவானுங்க" என்றாள் ஆரோக்கியமேரி. "நம்ம வூட்ல எண்ணி முடிச்சாச்சு. இப்ப மீனு வூட்டுக்கு வந்திருக்கானுங்க."

ஐப்பசி மழை இறங்கினால் மடவை வயிறு நிறையச் சினையோடு ஏரியை விட்டு, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். எங்கள் வலைக்கு அதுதான் அறுவடை. சினையைக் கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, பலகை வைத்து அமுக்கி, நிழலில் காயவைத்து விற்பது பெண்கள் பாடு. அதில் ஆரோக்கியமேரி கைக்கு ஈடு கிடையாது. சினை மீனைப் பிடிக்காதே என்று ஒரு உத்தரவு வந்தால் எங்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றியது மாதிரி.

அதனால் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். படகுகள் நேராகக் கரைக்கு வராது. மணல் திட்டுப் பக்கம் கொஞ்சம் நிற்கும். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் போய், சினை மீனையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டு, மேலே கோரையைப் பரப்பிப் பின்பக்கமாக வீட்டுக்குக் கொண்டு போய்விடுவோம். மிச்சம்தான் கோதண்டத்துக்கு. பாவம், அவனும் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்ப்பான். நாங்கள் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். வேனைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. ஒரு ஐப்பசியில் கோதண்டம் கையில் சுருட்டிய தாளோடு சிரித்துக்கொண்டே வந்தான். வலை காயப்போடுகிற இடத்தில் எங்களை உட்காரவைத்து அதை விரித்தான். கட்டம் கட்டமாக இருந்தது. கீழ்க்கோட்டில் வலப்பக்கம் போகப் போகத் தாய் அதிகம், மேலே ஏற ஏறக் குஞ்சு அதிகம், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி என்று விளக்கினான். புள்ளியெல்லாம் இடப்பக்கம் சுவர் மாதிரி நின்ற கோட்டோரமாக, உயரத்தில் குந்தியிருந்தன. அதன் நடுவே ஒரு கோடு விறுவிறு என்று ஏறி, அப்புறம் வளைந்து படுத்திருந்தது.

"தாய் கொஞ்சம்தான், ஆனா குஞ்சு ஏராளம்னு வந்திருக்கு. கொஞ்சம் தாய் தப்பிச்சாலே ஏரி நெறைஞ்சிடும். அதனால தடை கிடை ஒண்ணும் வராது, எத்தினி வேணா பிடிக்கலாம்னு எங்க ஆபீசுப் பெரியவரு எழுதப்போறாரு" என்றான்.

பக்கத்து வீட்டுச் செசிலியா கையைத் தட்டிச் சிரித்தாள். எங்களுக்கெல்லாம் நெஞ்சில் இருந்த கல் இறங்கினது மாதிரி இருந்தது. ஆரோக்கியமேரி மட்டும் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி வேணா பிடிக்கலாம்னா, யாரு பிடிக்கலாம்?"

"யாரு வேணா பிடிக்கலாம்மா. வெளியூரு ஆளுங்க மொகத்துவாரத்துல குறுக்க வலை கட்டறதுக்கு மனு குடுத்திருக்காங்க. இந்தப் படத்தை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

முகத்துவாரத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று எங்கள் குப்பத்தில் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பேர். வெளியூர் வலை குறுக்கே நின்றால் எங்கள் பாடு போச்சு. கடலுக்குப் போகிற தாயும் மிஞ்சாது. படத்தில் தாய் குறைந்ததே நாங்கள் ஒளித்ததால்தான்.

கோதண்டம் டீ குடிக்கப் போனதும் ஆரோக்கியமேரி எழுந்தாள். செசிலியா வழியை மறித்தாள். மறைத்த சினையைக் காட்டினால் தடை வரும், காட்டாமல் இருந்தால் வெளியூர் வலை வந்தாலும் வரும், வராமலும் போகும், பேசாமல் இரு அக்கா என்று கெஞ்சினாள். இவள் அவளை விலக்கிவிட்டு நடந்தாள். வீட்டுக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த சினையெல்லாம் பாயோடு சுருட்டிக்கொண்டு வந்து கோதண்டம் எதிரில் விரித்தாள். சினை இரட்டைப் பையாக இருக்கும். ஒரு ஜோடிக்கு ஒரு தாய்.

"எண்ணிக்கோ. இது என் வூட்டு மீனு மட்டும்தான்."

கோதண்டம் முகம் சுண்டிப்போனது. எத்தனை வருஷமாக என்று கேட்டான். நீ வந்ததிலிருந்து என்றாள். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தாளைச் சுருட்டினான். நாலு வருஷம் வெயிலில் உட்கார்ந்து அளந்தவன். எங்களைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இதை நான் எப்படிம்மா நம்பறது?" என்றான். "அப்ப மறைச்சீங்க. இப்ப வெளியூரான் வர்றான்னதும் எங்கியோ வாங்கியாந்து காட்டறீங்களோ இன்னாவோ."

குப்பத்தில் அவளைப் பார்த்து இப்படி யாரும் கேட்டதில்லை. அவள்தான் எல்லாரையும் கேட்பாள். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த நாலு வருஷத்தில் முதல்தடவையாக அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரைக்கும் நக்கலாக 'ஆபீசரு'தான்.

"இப்பதாண்டா கோதண்டம் உருப்படியா ஒண்ணு கேட்ட. காலையில தண்ணில எறங்கி வா."

மறுநாள் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு திட்டுக்கு வந்தான். நீச்சல் தெரியாதவன், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். தானியேல் படகு முதலில் வந்தது. செசிலியா பழக்கதோஷத்தில் கூடை மேல் கோரையைப் போட்டாள். ஆரோக்கியமேரி அதை எடுத்து வீசினாள். ஒவ்வொரு மீனாக அவன் கையிலேயே கொடுத்து அமுக்கச் சொன்னாள். அமுக்கின இடத்தில் சினை பிதுங்கியது. அந்தப் பருவம் முழுக்க அவன் திட்டிலேயே நின்று எண்ணினான்.

அந்த வருஷத்துப் புள்ளி சுவரை விட்டு வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப் போய் விழுந்தது. பழைய நாலு புள்ளியையும் நம்ப முடியாது என்று பெரியவர் அடித்துவிட்டாராம். கோட்டையும் அழித்தாயிற்று. கோதண்டத்துக்கு வேலை நிரந்தரமாகிறது தள்ளிப்போனது. வெளியூர்க்காரர்களின் மனுவும் அப்படியே கிடந்து அடங்கிப்போனது.

நாங்கள் பயந்ததும் வந்தது. ரெண்டு வருஷம் கழித்து, கார்த்திகையில் சில வாரம் முகத்துவாரத்தில் வலை போடக்கூடாது என்றார்கள். ஆரோக்கியமேரிக்குச் சினை வியாபாரம் பாதியாகிவிட்டது. நான் சொன்னேனா இல்லையா என்று செசிலியா குத்திக் காட்டினாள். வலை நம்மளோடதுதான், ஏரியும் நம்மளோடதுதான், கொஞ்ச நாள் காய்ஞ்சா இன்னா என்று சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

அப்புறம் வருஷா வருஷம் கோதண்டம் புள்ளி வைக்கும்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். எழுத்து தெரியாது எங்களுக்கு. ஆனால் புள்ளி நகர்ந்தால் தெரியும். அவன் வைத்ததும் மை காய்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

அவன் மாற்றலாகிப் போனபோது வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பினாள். அவன் இடத்துக்குப் புதுசாக ஒருவன் பேண்ட் சட்டையோடு அதே பலகையைத் தூக்கிக்கொண்டு கரையில் வந்து நின்றான். மீன் காட்டுங்கம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஆரோக்கியமேரி கூடையின் மேல் கோரையை இழுத்து மூடினாள்.

"போன வருஷத்துப் புள்ளி எங்க இருக்குன்னு மொதல்ல நீ காட்டு" என்றாள். "அப்பறம் நான் மீனு காட்டறேன்."