சாவு வீட்டுக்கு இறால் கேட்டு வந்தவர்கள்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் மூன்று வலைப்பூக்களை ஒரே ஆளாக நடத்துகிறவள் என் தங்கை சுபஸ்ரீ. நான் எட்டாவதோடு நின்று மீன் விற்கப் போனவள். அவள் எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். இப்படி எழுதுகிற பெண் இந்தக் கரையில் வேறு யாரும் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒன்றில் அன்றைக்குக் கரையில் என்ன மீன் இறங்கியது என்று எழுதுவாள். அதைப் பார்த்துத்தான் பொன்னேரி வியாபாரிகள் வண்டி எடுப்பார்கள். இன்னொன்று சமையல். மூன்றாவது சுற்றுலா. அது சென்னையில் ஒருவருக்காக எழுதித் தருவது. சம்பளம் வந்தது அதில் மட்டும்தான்.

சமையல் படத்துக்காகக் குழம்பின் மேல் காய்ச்சாத எண்ணெய் ஊற்றி மினுக்குவாள். வெயில் சரியாக விழும்வரை ஈ மொய்த்துக் கிடந்த அதை நாய்க்கும் வைக்க முடியாது. சுற்றுலாவில், பழவேற்காடு ஏரிச் சேற்றுக்கு வாசனையே கிடையாது என்பதுபோல் எழுத வேண்டும். இதற்கு நடுவே, பெண் எழுதுகிறாள் என்று தெரிந்து எவனெவனோ பின்னூட்டத்தில் போட்டுவிட்டுப் போன அசிங்கத்தைத் தினமும் அழிக்க வேண்டும். கருவாட்டில் புழு பொறுக்குகிறவள் நான். அதில் வராத குமட்டல் இதைப் படித்தபோது வந்தது.

நேரம் போதாமல் ஒரு குறுக்குவழி பிடித்தாள். மழை ஓய்ந்து இறால் நன்றாக வந்த நாட்கள். நாளைக்கும் இறால்தானே என்று மீன் வலைப்பூவில் முந்தின நாளே எழுதி, விடிந்ததும் தானாக வெளியாகும்படி வைத்தாள்.

அப்படி வைத்த ஒரு நாள் விடிவதற்குள் அங்கமுத்து மாமா இறந்துபோனார். குப்பத்தில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. நாங்கள் சாவு வீட்டில் இருந்தோம். தெர்மாகோல் பெட்டி கட்டிய இரண்டு பைக் பந்தல் முன்னால் வந்து நின்றது.

"இறால் எங்க எடை போடறாங்க?"

ஊர்த் தலைவர் நீலமேகம் எழுந்தார். "இன்னா இறாலு? இன்னிக்கு எவன் கடலுக்குப் போனான்?"

வந்தவர் போனைக் காட்டினார். 'இப்போதுதான் இறங்கிய இறால். வாருங்கள்' என்று இருந்தது.

எல்லோரும் கரையைப் பார்த்தார்கள். தனக்கோடியின் படகு மட்டும் இல்லை.

"இஞ்சின் ரிப்பேருக்குப் பழவேற்காட்டுல நிக்குது, தலைவரே" என்றார் தனக்கோடி.

"நேத்து சொல்லலியே. இன்னிக்குதான் ரிப்பேரா?"

தனக்கோடியை நாலு பேர் சூழ்ந்தார்கள். என் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"யாரும் போகல தலைவரே. நேத்தே நான் எழுதி வச்சது. தானா வந்துடுச்சி."

"அப்போ கண்ணால பாக்காமதான் எழுதறியா?"

பைக்கில் வந்தவர் கேட்டார். அங்கமுத்து மாமாவின் மனைவி காசியம்மாள் தலையைத் தூக்கினாள். "எம் புருசன் வெளிய கிடக்கறான். நீ இறால் வித்துக்கினு இருக்கியாடி?"

அந்தப் பக்கம் திரும்பவே முடியாமல் சுபஸ்ரீ பந்தலுக்குப் பின்னால் போனாள். இன்று எழுத முடியாது, சாவு என்று சுற்றுலாவுக்குச் சம்பளம் தரும் சென்னைக்காரருக்குப் போனில் சொன்னாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"மீனவர் சாவா? பாடை கட்றது, அழறது எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பும்மா. நல்லா ஓடும்."

"எங்க மாமா சார் அது."

"அதான் சொல்றேன். நீன்னா கிட்டப் போய் எடுக்கலாமே."

சுபஸ்ரீ, "வேற ஆளு பாத்துக்கோங்க" என்று போனை வைத்தாள்.

அவரும் பார்த்துக்கொண்டார். இந்தக் கரையை மிதித்தே இராத யாரோ இப்போது எங்களைப் பற்றி எழுதுகிறார்கள். ஒரு நாள் படித்தேன். காறித் துப்பத்தான் தோன்றியது.

சம்பளம் போயிற்று. சமையலை அவளே மூடினாள். மீன் வலைப்பூ மட்டும் இருக்கிறது. அதன் உச்சியில், சாவு நாளில் தான் எழுதியது பொய் என்றும் தனக்கோடி கடலுக்குப் போகவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறாள். பொன்னேரி வியாபாரிகளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. காலையில் போன் செய்து, "கண்ணால பாத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அவள் படகுகளுக்குப் பக்கத்தில், ஈர மணலில் நின்றுகொண்டு பதில் சொல்கிறாள்.