முடி பட்டால் எரியும் கை

என் அக்கா வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாத மனிதர். ஒருநாள் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தவர், இடது பக்கம் முழுக்க மரத்துப்போய் அப்படியே சரிந்துவிட்டார். பாதி முகத்தில் நுரையோடு அந்த வாடிக்கைக்காரர்தான் அவரைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நர்ஸ் நுரையைப் பார்த்துப் பதறி, முதலில் வாடிக்கைக்காரரைத்தான் படுக்கவைத்தாராம்.

"பக்கவாதம்தான்," என்றார் டாக்டர். "மூளைக்கு நடுவுல தலாமஸ்னு ஒரு இடம். உடம்புல எங்க தொட்டாலும் சேதி அது வழியாத்தான் போகணும். அங்க ரத்தக்குழாய் அடைச்சிருக்கு."

"இத்தனை வருஷமா தலையைத்தான் டாக்டர் பாத்துட்டிருக்கேன். உள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!" என்றார் அத்தான்.

கை கால் நன்றாகவே அசைந்தன. போன உணர்ச்சி சில மாதம் கழித்துத் திரும்பியது. வந்ததுதான் வந்தது, தலைகீழாக வந்து தொலைத்தது. ஃபேன் காற்று சுட்டது. துணி உரசினால் எரிகிறது என்று சட்டையின் இடது கையை வெட்டி எறிந்தார். அந்தக் கைமேல் ஒரு முடி விழுந்தால் போதும், துள்ளிக் குதித்தார். முடிவெட்டுகிறவருக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்? மாத்திரைக்குப் பாதிதான் அடங்கியது. கடை பூட்டியே கிடந்தது. மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வெட்டிப் பாத்தாத்தானே தெரியும்," என்று அக்கா கடையைத் திறந்து, ஒரு தலையை இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். என் தலைதான். தம்பியாகப் பிறந்தால் இதெல்லாம் உண்டு.

முடி விழ விழ அவர் "ஐயோ" என்றார். கத்தரி என் கழுத்தருகே இருந்ததால் நானும் "ஐயோ" என்றேன். ஒரு கொத்து முடி மொத்தமாக இடது கையில் விழவும், எரிச்சல் தாங்காமல் அந்தக் கையாலேயே என் காதைப் பிடித்து நசுக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான்! அழுத்திப் பிடிச்சா எரிச்சல் அடங்குதுடா!"

அப்புறம் காதை விடவே இல்லை. வலது கையால் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் அளக்க ஆரம்பித்தார். எத்தனை மாதமாயிற்று அந்த வாயைக் கேட்டு! என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாதி சந்தோஷம், பாதி காது.

வெட்டி முடித்ததும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "உண்மையைச் சொல்லு மச்சான். ரொம்ப வலிச்சுதா? வர்றவங்க தாங்க மாட்டாங்கன்னா, கடையை வேற யாருக்காவது விட்டுடறேன்."

அக்கா என்னையே பார்த்தாள்.

"வலியா? பிடிச்சீங்களான்னே தெரியல அத்தான்," என்றேன்.

"அப்படியா?" முகமெல்லாம் பல்லாக மறுபக்கம் வந்தார். "அப்ப இந்தக் காதையும் கொண்டா. இங்க இன்னும் கொஞ்சம் வெட்டணும்."