பிள்ளையார் சுழி போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரில் அருக்காணி அக்காவின் கை படாத பக்கம் கிடையாது. அவள் பெயர் உள்ள பக்கமும் கிடையாது. தலைவர் படம், செயலாளர் படம், விளம்பரம் தந்த சேட்டுக் கடையின் பிரஷர் குக்கர் படம் எல்லாம் இருக்கும். அதனால், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் அவளைப் பற்றி எழுதுகிறேன். பிழை இருந்தால் அக்காவே திருத்திக்கொள்ளட்டும். இந்த ஊர்த் தமிழர்களின் பிழையைத் திருத்தியே அவள் கண்ணாடி தடிமனாகிவிட்டது.

அக்கா நாமக்கல் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். கணவர் பன்னீர்செல்வத்துக்குக் கிடர்பூரில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. அவரோடு கல்கத்தா வந்தபோது அவளுக்கு ஒரு வார்த்தை வங்காளம் தெரியாது. இப்போது கிடர்பூரிலிருந்து, மன்றம் இருக்கும் காளிகாட்டுக்கு வரும் மினிபஸ்ஸில், இவள் இறங்கும்போது கண்டக்டர் "ஆஸ்தே லேடீஸ்", அதாவது மெதுவாக, பெண் இறங்குகிறாள் என்று கத்தினால், "லேடீஸுக்கு எறங்கத் தெரியும், நீ மொதல்ல பஸ்ஸ நிறுத்து அண்ணா" என்று நாமக்கல் ராகத்தில் வங்காளம் பேசுவாள். பஸ் சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள்.

மன்றம் கம்ப்யூட்டர் வாங்கியபோது செயலாளர் செந்தில்நாதன் சார் "கணினி யுகத்தில் தமிழன்" என்று நீளமாகப் பேசினார். வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் கிடைத்தால் விட மாட்டார். பேசி முடித்ததும் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடினார். பல மாதம் அது உறைக்குள்ளேயே தவம் இருந்தது. உறையைக் கழற்றியவள் அருக்காணி அக்கா. கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, பொங்கல் நாடக வசனம் எல்லாம் அவளே அடித்தாள். இந்த வருஷம் பொன்விழா மலர். தைப் பொங்கலிலிருந்து உட்கார்ந்து அத்தனை கட்டுரையையும் அடித்து, திருத்தி, பக்கம் பிரித்து வைத்திருந்தாள். அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது.

செந்தில்நாதன் சாரிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்க மாட்டார். கரண்ட் பில்லில் போடுவார். மெட்ரோ டிக்கெட்டின் மூலையில் போடுவார். டாக்டர் எழுதித் தந்த மருந்துச் சீட்டில், டாக்டர் கண் முன்னாலேயே போட்டார் என்று கேள்வி.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மன்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா சமையலறையில் சுண்டலுக்குக் கடலை பொறுக்கினாள். நான் மானிட்டரைத் துடைத்தேன். அப்போது ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையை மடித்துப் பிடித்தபடி சார் வந்தார்.

"வெளியில துடைச்சா போதுமாடா கோபு? உள்ளே யார் சுத்தம் பண்றது? ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு. அங்கதான் குப்பை."

"உள்ளே கைவிட்டா ஷாக் அடிக்காதா சார்?"

"மக்கு. அது சாஃப்ட்வேர்."

பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து வெகுநேரம் தட்டினார். எழுந்தபோது முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாஸ்வேர்டு போட்டதும் முதல்ல ஓடறது யூசர்இனிட்னு ஒரு கோப்பு. அந்தப் பேருக்கு முன்னாடி ஒரு சுழி போட்டுட்டேன். தமிழ்ல உ வர மாட்டேங்குது. இங்கிலீஷ்ல யு போட்டேன். பிள்ளையாருக்குத் தெரியாத பாஷையா?"

கம்ப்யூட்டரை அணைத்தார். மறுநாள் அதற்குச் சந்தனம், குங்குமம், பூ. பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாதென்பதால் யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் மன்றத்தில் கூட்டம். நல்ல நேரம் பார்த்து, மலரின் கடைசிப் பக்கத்தை அக்கா எல்லார் முன்னிலையிலும் அடித்து முடிப்பதாக ஏற்பாடு. புதுப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு அடித்தாள். நீலத் திரை கொஞ்சம் யோசித்தது. உள்ளே விடுவதுபோல் விட்டு, அப்படியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி தள்ளியது. வாடகை பாக்கிக்காரனை வீட்டுக்காரர் வாசலோடு திருப்புவதுபோல.

"என்னம்மா பண்ணி வெச்சே?" என்றார் செந்தில்நாதன் சார், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

"நான் என்னங்க சார் பண்ணுனேன்? உங்க முன்னாடிதானே அடிக்கிறேன்."

"இதுல தினமும் கை வெக்கிறது யாரு? நீதானே? பாட்டு சீடி போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன். வைரஸ் ஏறியிருக்கும்."

எனக்குச் சுழி ஞாபகம் வந்தது. "சார், நீங்கதானே முந்தாநாள் உள்ளே…" என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாதே. மவுஸ் அடியில ஸ்டாம்ப் ஒட்டினவன்தானே நீ? இதுவும் உன் கைங்கரியமா இருந்தா ஆச்சரியமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாம்ப் ஒட்டியது உண்மை. நாற்காலியில் அப்பளம் வைத்ததும் உண்மை. குறும்பு செய்கிறவன் பொய்யும் சொல்வான் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கணக்கு, வழக்கு எல்லாம் படித்த பெரிய மனிதர்கள் ஒரு கூட்டம் அங்கே உட்கார்ந்திருந்தது. அவரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. குனிந்து வேட்டியின் கரையைப் பார்த்தார்கள்.

சார் தீர்ப்பும் சொன்னார். துர்கா பூஜைக்குக் கடையெல்லாம் மூடியிருக்கிறது; நாலைந்து நாளில் வரும் லட்சுமி பூஜை கழிந்ததும் கடைக்காரனைக் கூப்பிட்டு ஃபார்மேட் பண்ணிவிடலாம்.

"ஃபார்மேட் பண்ணுனா உள்ள இருக்கறது பூராவும் போயிருமுங்க," என்றாள் அக்கா.

"புதுசு மாதிரி ஆயிடும்."

"ஆமாங்க. நானும் புதுசாட்டம் ஆயிருவேன். இந்த எடத்துல ஒரு துரும்பக்கூட கிள்ளிப் போடாதவளாட்டம்."

"எமோஷனல் ஆகாதே. ரூம் சாவியைக் கொடுத்துட்டுப் போ. இனிமே வேற ஆள் பார்த்துக்கறோம்."

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். சமையலறைக்குப் போனவள், ஊறிய கடலையை வடிகட்டாமல் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எவனையாவது கடிக்கவேண்டும்போல் இருந்தது. நேராக பாபிதாவிடம் ஓடினேன்.

பாபிதா, அதாவது பாபி அண்ணன், காளிகாட் சந்தில் சைபர் கஃபே வைத்திருப்பவர். அன்று தசமி. பந்தலில் டாக் மேளம் காதைக் கிழித்தது. பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூரம் அப்பிக்கொண்டிருந்தார்கள். பாபிதா ஏணியில் நின்று சீரியல் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழேயிருந்தே கதையைக் கத்தினேன்.

"சேச்சே, இது வைரஸ் இல்ல," என்றார், பல்லில் கயிற்றோடு. "பாஸ்வேர்டு வாங்கினதும் விண்டோஸ் ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அவன் வந்துதான் கதவைத் திறக்கணும். உங்க புடோ கிழவர் அந்தப் பேரை மாத்திட்டார். அந்தப் பேர்ல யாரும் இல்ல. அதனால திருப்பி அனுப்புது."

"பேரை எப்படி மறுபடி மாத்தறது?"

"உள்ளே போனாத்தானே மாத்த முடியும்?"

நான் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். வராதவன் பெயரைக் கூப்பிட்டால் "பிரசென்ட் சார்" என்று குரல் கொடுப்பது.

"பாபிதா, பழைய ஆளே அந்தப் புதுப் பேர்ல போய் நின்னா?"

பாபிதா ஏணியிலிருந்து இறங்கினார். "பாஜி," என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அது வங்காளத்தில் திட்டுத்தான். அவர் வாயில் மெடல். அவருக்கு வர நேரமில்லை; துர்கை சிலையைக் கரைக்கப் படித்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். விண்டோஸ் சீடியைக் கொடுத்து, செய்யவேண்டியதை என் கையிலேயே பேனாவால் எழுதினார்.

மன்றத்தில் அக்கா கடலையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பாருங்கள் இந்த நியாயத்தை. கம்ப்யூட்டர் அறைச் சாவியைப் பிடுங்கியவர் சமையலறைச் சாவியைக் கேட்கவில்லை. கேட்டால் சாயங்காலம் சுண்டல் யார் செய்வது? இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் சமையலறைப் பக்கம்தான்.

"வேண்டாம்டா கோபு. திருட்டுத்தனமா நொழஞ்சேன்னு அதையும் சேத்துச் சொல்லுவாங்க."

"ஃபார்மேட் பண்ணப் போற பொட்டிக்கா. இதுக்கு மேல என்ன கெடும்?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். தாழ்ப்பாளை அவள்தான் நீக்கினாள்.

சீடியைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. படமில்லை, மவுஸ் இல்லை. என் உள்ளங்கையைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். யூசர்இனிட் கோப்பை அதே இடத்தில் ஒரு நகல் எடுத்து, நகலின் பெயருக்கு முன்னால் யு சேர்த்தோம். அவ்வளவுதான். வியர்வையில் கடைசி வரி அழிந்திருந்தது. அதை நானே குத்துமதிப்பாகச் சொன்னேன். ஒரு கோப்பு நகலானது என்று திரை சொன்னது.

சீடியை எடுத்துவிட்டு மறுபடி உயிர் கொடுத்தோம். பாஸ்வேர்டு. நீலத் திரை யோசித்தது. பக்கத்து அறையில் கடலை கொதிக்கும் சத்தம் மட்டும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, நகம் பதிந்திருந்ததால். திரை எங்களைத் தள்ளவில்லை. அவள் திரைக்கு வைத்திருந்த லாரிப் படம் முழுசாக வந்தது. மலர் என்ற கோப்புறையைத் திறந்தாள். எல்லாப் பக்கமும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கடலை ஆவி, என்றாள். அடுப்பு அடுத்த அறையில் இருந்தது.

பாபிதா சொன்ன இடத்துக்கு ரெஜிஸ்ட்ரியில் போனோம். சாரின் சுழி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அக்கா அழிக்கப் போனாள்.

"இருக்கட்டும்க்கா. தொடாதீங்க."

சாயங்காலம் கொலுவை இறக்கிவைக்க அதே கூட்டம் வந்தது. சுண்டல் வாசனைக்குச் சமையலறையில் எட்டிப் பார்த்தவர்களுக்கு நடுக்கதவு விரியத் திறந்திருந்தது. திரையில் அந்த வரி. நான் பக்கத்தில் நின்றேன். காலையில் முன்வரிசையில் இருந்த ஒருவர் படித்துவிட்டு, "இது என்ன சார், முன்னாடி ஒரு யு? உங்க சுழி மாதிரி இல்ல இருக்கு?" என்றார். பின்னால் ஒரு மாமி களுக்கென்று சிரித்தாள்.

செந்தில்நாதன் சார் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "பார்த்தீங்களா," என்றார். "பிள்ளையார் கைவிடலை. தானா சரியாயிடுச்சு."

எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. அக்கா சுண்டல் அண்டாவை ஹால் நடுவே இழுத்துவந்து, மூடியைப் போட்டு, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். தாளித்த தேங்காய் வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறியது.

"காலையில எல்லாரு முன்னாடியும் என்னையச் சொன்னீங்க. இப்பவும் எல்லாரும் இருக்காங்க. யாரு செஞ்சதுன்னு சொல்லிப்போடுங்க சார். அப்பறம் சுண்டல்."

குழந்தைகள் சிணுங்கின. பெரியவர்கள் அதைவிட மோசமாகச் செருமினார்கள். காலையில் ஊமையாக இருந்தவர்களுக்குப் பசி வந்ததும் நியாயம் வந்துவிட்டது. "சொல்லிடுங்களேன் சார்," என்றார் ஒருவர்.

"வெல், தேர் ஹாஸ் பீன் எ ஸ்மால் மிஸ்டேக் ஃப்ரம் மை சைடு," என்றார் சார், மின்விசிறியைப் பார்த்து.

"தமிழ்ல சொல்லுங்க. தமிழ் மன்றம்தானுங்களே."

அவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் அண்டாவைப் பார்த்தார்.

"தப்பு என்னோடது. அருக்காணி மேல தப்பு இல்லை."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தாள். முதல் தொன்னை அவருக்குத்தான் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அவர் ஒரு வாய் போட்டு மென்று, தலையை ஆட்டினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அக்கா கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. சார் இரண்டாம் தடவை வாங்க வந்தபோது கரண்டி என் கையில் இருந்தது. அவர் தொன்னையில் அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்தேன்.