கொலுப் படிக்கு அடியில் ஒரு துப்பாக்கிப் பெட்டி

இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில், மூன்றாவது படிக்கு அடியிலிருந்து ஒரு துப்பாக்கிப் பெட்டி வெளியே வந்தது.

பயப்படாதீர்கள். காலிப் பெட்டிதான். ஆனால் அந்தக் காலிப் பெட்டி கிளப்பிய கலவரம் இருக்கிறதே... அதைச் சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

முதலில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செந்தில் எந்தப் பொருளின் பெட்டியையும் தூக்கிப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. டி.வி. பெட்டி, மிக்ஸி பெட்டி, போன் வாங்கியபோது வந்த குட்டிப் பெட்டிகள் எல்லாம் எங்கள் கராஜுக்கு மேலே உள்ள அட்டிக்கில் பத்திரமாக இருக்கின்றன. பிரிண்டர் உயிரை விட்டு வெகு காலம் ஆகிறது. அதன் பெட்டி மட்டும் சிரஞ்சீவியாக வாழ்கிறது. ஏனுங்க, இதெல்லாம் எதுக்கு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இருக்கட்டும் உடு, எதுக்காச்சும் ஆகும்."

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அட்டிக்கையும் எனக்குத் தெரியும். வீடு மாறினால் வேண்டும், விற்றால் வேண்டும், ரிப்பேருக்கு அனுப்பினால் வேண்டும் என்று நாம் சேர்க்கிற அட்டையை எல்லாம் அடுக்கினால் இன்னொரு வீடே கட்டிவிடலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டிக் கூட்டத்தில் ஒரு புது உறுப்பினர் வந்து சேர்ந்தார். நாங்கள் இருப்பது டெக்சஸில், ரிச்சர்ட்சனில். இங்கே ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை காபிக்குக் கூப்பிடுவதுபோல, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கும் கூப்பிடுவார்கள். அப்படி ஒருநாள் போய்விட்டு வந்தவரின் கண்ணில் ஒரு புது வெளிச்சம். அதே சமயம் பார்த்து எங்கள் தெருவில் யாரோ கார் கண்ணாடியை உடைத்துத் தொலைத்தார்கள். போதாதா? வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் ஆடாத ஆட்டம் இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தேன். துப்பாக்கி வருவதற்கு முன்னால் சேஃப் வர வேண்டும். வந்தது. எங்கள் பெட்ரூம் கிளாசட்டில், சின்னதாக, இரும்பில், நம்பர் அமுக்கித் திறக்கிற சேஃப். அதற்குப் பிறகு துப்பாக்கி வந்தது, சேஃபுக்குள் போனது. நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் பெட்டி? வெளியே ஒரு அட்டை உறை. உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் நுரை மெத்தை. துப்பாக்கிதான் வேண்டும் என்றீர்கள், இதுவும் எதற்கு, தூக்கிப் போடுங்கள் என்றேன். அவர் விடுவாரா? உறையில் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கிறது, திருடு போனால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றார். கம்பெனிக்கு சர்வீஸ் அனுப்ப வேண்டும் என்றார். பின்னால் விற்கும்போது பெட்டியோடு இருந்தால்தான் மரியாதை, கடைக்காரரே சொன்னார் என்றார். கடைக்காரருக்கு என்ன போச்சு? அவர் வீட்டு அட்டிக்கா ரொம்பி வழிகிறது? வாசலில் போர்டு மாட்டுவதுபோல 'இங்கே துப்பாக்கி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டி எதற்கு என்பது என் கட்சி. வழக்கம்போல அவர் கட்சி ஜெயித்தது.

இப்போது கொலுவுக்கு வருகிறேன்.

ஊரில், கோபிசெட்டிபாளையத்தில், எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கமே கிடையாது. டெக்சஸ் வந்த பிறகு நாலு வீட்டில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, நாமும் கூப்பிட வேண்டாமா என்று ஆரம்பித்ததுதான். கடையில் விற்கிற இரும்புப் படி எல்லாம் எங்களிடம் இல்லை. அட்டிக்கில்தான் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றனவே. அடுக்கி, மேலே பலகை போட்டு, இவருடைய பட்டு வேட்டியை விரித்தால் படி தயார். வருஷத்தில் ஒன்பது நாள் இவருடைய பெட்டிகளை நான் திட்டுவதில்லை.

இந்த வருஷம் மூன்றாவது படி ஒரு பக்கம் இறங்கியே நின்றது. அட்டிக்கில் கையை விட்டுத் துழாவினேன். கெட்டியான, தட்டையான ஒன்று அகப்பட்டது. செருகினால்... அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துவிட்டது. என்ன பெட்டி என்று பார்க்கவில்லை. படி நேராகிவிட்ட சந்தோஷத்தில் யார் பார்க்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு நிறையக் கூட்டம். காயத்ரியும் வந்திருந்தாள். நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். அவளுடைய மூத்தவள் ரியாவும் என் மகள் தன்யாவும் நாலாம் கிளாஸில் ஒட்டிப் பிறந்த மாதிரி. காயத்ரிக்கு வேலை முடிய ஆறு மணி ஆகும் என்பதால், ஸ்கூல் விட்டதும் இரண்டும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கராஜ் கதவில் நம்பரை அமுக்கித் திறந்துகொண்டு உள்ளே வந்து, தோசை தின்று, ஹோம்வொர்க் என்ற பெயரில் அரட்டை அடிக்கும். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். என் மீட்டிங்குகளுக்கு அந்தச் சிரிப்புதான் பின்னணி இசை.

அன்றைக்கு காயத்ரியின் சின்னவள் அதிதி, மூன்று வயது வாண்டு, வேட்டிக்குள் புகுந்துவிட்டாள். படி ஆடியது. செட்டியார் பொம்மை சரிந்து, அவர் கடைச் சரக்கெல்லாம் தரையில். எல்லாரும் ஓடிப்போய்ப் பொம்மைகளைப் பிடிக்க, வாண்டு அந்தக் கறுப்புப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அட்டை உறை பாதி கிழிந்து, அதன் மேல் துப்பாக்கிப் படம் பளிச்சென்று தெரிந்தது.

சுண்டல் தின்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

காலிப் பெட்டிங்க என்று செந்தில் அவசரமாகத் திறந்து காட்டினார். காலிதான். நுரை மெத்தையில் துப்பாக்கி வடிவத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. உடனே கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு அட்வான்ஸாக எடுத்து வைத்துவிட்டீர்களா என்றார் ஒருவர். பொட்டு வைத்தீர்களா என்றார் இன்னொருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். பள்ளத்தை எல்லாரும் பார்த்தோம். அதில் இருந்தது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

காயத்ரி சிரிக்கவில்லை. வாண்டைத் தூக்கிக்கொண்டு, ரியாவைக் கூப்பிட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்குகூட வாங்காமல் கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப் வந்தது. இந்த வாரம் ரியாவை, ஸ்கூல் விட்ட பிறகும் அங்கேயே பார்த்துக்கொள்கிற ஆஃப்டர்கேரில் விடுகிறாளாம். ஒரு வரி. காரணம் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். எத்தனை மாதமாக அந்தக் குழந்தைக்குத் தோசை சுட்டுப் போடுகிறேன்? என் வீட்டை என்னவென்று நினைத்தாள்? செந்திலிடம் புலம்பினேன். தன்யா அந்த வாரம் முழுக்க உம்மென்று இருந்தாள். ஸ்கூல் விட்டு வந்ததும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஏறியது. ஒரு காலி அட்டைக்காக என் குழந்தையின் சிநேகம் போக வேண்டுமா? இரு இரு, இதைப் பற்றியே ஒரு பத்தி எழுதுகிறேன் என்றுகூட மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

நல்ல வேளை, எழுதவில்லை.

சனிக்கிழமை காலையில் காலிங் பெல். திறந்தால் காயத்ரி. தனியாக வந்திருந்தாள். கண்ணைப் பார்த்தால் சரியாகத் தூங்கியே பல நாள் ஆனது தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதை டெக்ஸ்ட்ல கேக்கக் கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன். அந்த கன் எங்க இருக்கு? பூட்டி வச்சிருக்கீங்களா? அந்தப் பூட்டை யாரெல்லாம் திறக்க முடியும்? ரியா இங்க வராம அங்க அழுதுட்டே இருக்கா. எனக்கும் வேற யாரையும் நம்பி விட முடியாது. அதான் கேட்டுட்டேன்."

பழகின வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க அந்தப் பெண் எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்கு வீம்புதான். செந்திலைக் கூப்பிட்டேன். வாங்க, நீங்களே காட்டுங்க என்றேன்.

அவரும் பெருமையாகத்தான் கிளாசட்டைத் திறந்து காட்டினார். சுவரோடு சேர்த்து போல்ட் போட்ட சேஃப். ஆட்டினாலும் அசையாது. நம்பர் கோட் எனக்கு மட்டும்தான் தெரியும், சுமதிக்கே தெரியாது என்றார். உண்மைதான். நான் கேட்டதே இல்லை.

எங்கள் பின்னால் தன்யா வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கையில் கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணம். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"இட்ஸ் மை பர்த்டே. எவ்ரிதிங் இன் திஸ் ஹவுஸ் இஸ் மை பர்த்டே."

செந்திலைப் பார்த்தேன். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

வைஃபை, ஐபேட், இவர் போன், என் போன்... எல்லாவற்றிலும் அந்த நாலு நம்பர்தான். செல்ல மகள் பிறந்த நாளைத் தவிர வேறு பாஸ்வேர்டு வைக்கத் தெரிந்த அப்பா அம்மா நம்மில் யார்? கராஜ் கதவிலும் அதுதான். தினமும் மூன்று மணிக்கு ரியாவும் தன்யாவும் போட்டி போட்டுக்கொண்டு அமுக்குகிற அதே நம்பர். கீழே நான் காதில் ஹெட்ஃபோனோடு மீட்டிங்கில் இருக்கும்போது, மேலே இவர்கள் இரண்டு பேரும் கிளாசட்டில் என் சேலையை உருவிக் கட்டி விளையாடுவார்கள். சேஃப் அந்தச் சேலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

திறந்திருக்கிறாயா என்று தன்யாவைக் கேட்டேன். நோ, பாஸ்போர்ட்தானே உள்ளே இருக்கு, போரிங் என்றாள். பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம் என்று என்றைக்கோ நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வார்த்தை ஒன்றுதான் இத்தனை நாளும் காவல் காத்திருக்கிறது.

நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காயத்ரி என்னைத் திட்டவில்லை. நான்தான் சொன்னேன் பார்த்தீர்களா என்று ஒரு பார்வைகூட இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். நடக்காத ஒன்றுக்காக அப்படி அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று மத்தியானத்துக்குள் சேஃபின் கோட் மாறியது. இந்த முறை எங்கள் குடும்பத்தில் யாருக்கும், எந்த நல்ல நாளுக்கும் சம்பந்தம் இல்லாத நம்பர். தோட்டாக்கள் தனியாக வேறொரு பூட்டுக்குப் போயின. தன்யாவையும் ரியாவையும் உட்கார வைத்து, உள்ளே இருப்பது பாஸ்போர்ட் இல்லை என்று செந்திலே சொன்னார். எங்கேயாவது அதைப் பார்த்தால் தொடாதே, அங்கேயிருந்து வெளியே வந்து பெரியவர்களிடம் சொல் என்றும் சொன்னார். திங்கட்கிழமை மூன்று மணிக்கு கராஜ் கதவு திறந்தது. இரண்டு ஜோடிக் கால்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. மீட்டிங்கில் யாரோ என்னை ஏதோ கேட்டார்கள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பெட்டி?

செந்திலே குற்ற உணர்ச்சியோடு கொண்டுபோய்க் குப்பையில் போடப் போனார். நான்தான் தடுத்தேன். சீரியல் நம்பருக்காக இல்லை. நல்ல விலைக்காகவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் என் பேச்சைக் கேட்டு அதைத் தூக்கிப் போட்டிருந்தால்? படிக்கு அடியில் பெட்டி இருந்திருக்காது. அதிதி இழுத்திருக்க மாட்டாள். காயத்ரி கேட்டிருக்க மாட்டாள். நான் கீழே மீட்டிங்கில் இருந்திருப்பேன், அவர்கள் மேலே... வேண்டாம், அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. துப்பாக்கி வாங்கினால் பெட்டியை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று யாராவது என்னைக் கேட்டால், வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். கண்ணில் படுகிற இடத்தில் வேண்டாம், பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

காயத்ரிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிரித்துக் கடந்துபோன அத்தனை பேரும் என் நண்பர்கள்தான். என் மனசு நோகக் கூடாது என்றுதான் அவர்கள் கேட்கவில்லை. அவளோ சிநேகமே போனாலும் பரவாயில்லை என்று வந்து கேட்டாள். தன் மகளுக்காகத்தான் வந்தாள். என் மகளுக்கும் சேர்த்து அல்லவா கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

போன சனிக்கிழமை தன்யாவுக்கு இன்னொரு சிநேகிதி வீட்டில் ஸ்லீப்ஓவர், ராத்திரி அங்கேயே தங்கல். எங்களுக்கு ரொம்ப வேண்டிய வீடு. தன்யா பிறப்பதற்கு முன்னாலிருந்தே பழக்கம். வாசலில் பையைக் கொடுக்கும்போது, அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்ல கன் இருக்கா?"

அவர் என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இருக்கு சுமதி. அவரோட டிராயர்ல. பூட்டல. நீ ஒருத்திதான் இதைக் கேட்டிருக்க." சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி கணவரைக் கூப்பிட்டார்.

தன்யாவுக்கு முந்திரி அலர்ஜி, ஒன்று தின்றாலே ஆபத்து. அந்த வீட்டில் எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறோம்... ஒவ்வொரு தடவையும் பாயசத்தில் முந்திரி இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட வாயில் வைக்க விட்டதில்லை நான்!