தவறு என்னுடையது என்று எழுதிய நாள்

நாவலூரில் எங்கள் அலுவலகம் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் முன்பதிவு இணையதளத்தை நடத்துகிறது. தினமும் மதியம் சர்வரில் மெமரி நிரம்பித் தளம் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சாப்பிடப் போவேன்.

ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு பெண் எங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

"ரெண்டு நாளா மதியானம் புக் பண்ணப் போனா, போன்ல வட்டம் சுத்திகினே கீதும்மா. வூட்டுக்காரருக்கு காலெல்லாம் வீங்கிப்போச்சு."

அவருக்கு உடனே இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, புரோகிராமைத் தோண்டினேன். முடிந்துபோன தேடல்களைக்கூட அழிக்காமல் மெமரியில் சேர்த்துக்கொண்டே போனது, நான் எழுதிய பகுதிதான்.

"கமுக்கமா சரிபண்ணு. மருத்துவமனைக்கு இன்னாத்துக்குச் சொல்ற?" என்றார் மேனேஜர்.

"சொல்லத்தான் சார் போறேன். அந்த மனுஷன் கால் வீங்கினதுக்கு நான்தான் காரணம்."

திருத்தினேன். என் பெயர் போட்டே மருத்துவமனைக்கு எழுதினேன். மறுநாள் மதியம் தளம் நிற்கவில்லை. அந்த வருடப் பதவி உயர்வு எனக்கு வரவில்லை. போகட்டும், மறுபடியும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.