இரண்டாமவரின் பதினோராவது கேள்வி

தஹ்மீனாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. இவளாக வைத்த பெயர் இரண்டாமவர்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறாள். ஏழு வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டு. ஓர் ஆய்விதழ் அவள் கட்டுரையை ஏற்றால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஜூன் மாதத்தோடு கெடு முடிகிறது. இரண்டு இதழ்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. மூன்றாவது இதழ், அவள் பெயரை மறைத்து, அதே துறை தெரிந்த இரண்டு பேரிடம் கட்டுரையை அனுப்பியது. அவர்கள் யாரென்று இவளுக்கும் சொல்லமாட்டார்கள். காசு வாங்காமல் குறை கண்டுபிடிக்கிற வேலை. சிலருக்கு அது பிரியாணி மாதிரி.

முதலாமவர் நல்ல மனுஷர். நாலு வரி பாராட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டாமவர் பதினொரு கேள்வி கேட்டிருந்தார்.

வெடிச் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்கிறவர்கள் திடீர் ஒலிக்குத் திடுக்கிடுவார்களா என்பதுதான் ஆய்வு. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுத் தொழிலாளர்கள் அறுபது பேரை ஒவ்வொருவராக ஓர் அறையில் உட்காரவைத்து, காதில் திடீரென்று ஒலியெழுப்பி, நாடித்துடிப்பு எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்தாள். யாருக்கும் எகிறவில்லை. ராக்காயி என்கிற தொழிலாளி பாதியில் தூங்கியே போனாள்.

பத்துக் கேள்விகளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினாள். பதினோராவது அவள் பொறுமையைச் சோதித்தது: ‘அமைதியான அறை என்கிறீர்கள். நீங்கள் இணைத்த ஒலிப்பதிவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ வெடிக்கிறதே, அது என்ன?’

வீம்புக்கென்றே கேட்கிறார் என்று நினைத்தாள். அந்த அறையை ஏற்பாடு செய்து, வாசலில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்பியவன் அவள் கணவன் நிஜாம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருக்கிறான்.

“என்னங்க, நாம ஆய்வு செஞ்ச எடத்துல சத்தம் எதுவும் கேட்டுச்சா?”

“அங்கன ஏது சத்தம்? பக்கத்துக் கம்பெனியில சாம்பிள் வெடி போட்டுப் பாத்தாக, அம்புட்டுதான்.”

“அதான பாத்தேன்,” என்று திரும்பி, ‘சத்தம் ஏதும் இல்லை’ என்று தட்டியும்விட்டாள். அதன்பிறகுதான் விரல் நின்றது.

பதிவைப் போட்டுக் கேட்டாள். டமார் என்று ஒரு வெடி. அதை ஒட்டியே அவள் குரல், கொஞ்சமும் பிசகாமல், “பேரு சொல்லுங்க” என்றது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதித் தப்பித்திருக்கலாம். எழுதினாள், அழித்தாள். பக்கத்தில் பட்டாசுச் சோதனை நடந்ததையும், தான் அதைக் கவனிக்கவே இல்லை என்பதையும், அந்த வெடிகளுக்கும் யாருடைய நாடியும் அசையவில்லை என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள். ஏழு வருடமும் போச்சு என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டாமவர் எழுதியிருந்தார்: ‘ஏற்கலாம். ஒரு சிறு திருத்தம். பங்கேற்றவர்கள் அறுபது பேர் அல்ல, அறுபத்தொரு பேர். ஆய்வாளரையும் சேர்க்கவும்.’

சிரிப்பும் அழுகையுமாக நிஜாமிடம் காட்டினாள். அவன் நிதானமாகப் படித்து முடித்தான்.

“அறுபத்திரண்டுன்னு போடும்மா. நானும் அங்கனதான இருந்தேன்.”