மேலே போய்விட்ட சம்மனசு

அந்தச் சிறைக் கதவு பூட்டியிருந்ததா, இல்லையா? என் மகள் போன திருவிழாவில் கேட்ட கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் வாசகப்பா நாடகம் போடுவார்கள். கதை ஊருக்கே மனப்பாடம். கிறிஸ்தவ வேதத்தை விட மறுத்த ஒரு கன்னிப் பெண்ணை ராசா சிறையில் அடைக்கிறான். அவள் முழந்தாளிட்டு அழுகிறாள். விடியும் நேரத்தில் வானத்திலிருந்து ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், இறங்கி வந்து, கதவைத் திறந்து, அவளைக் கூட்டிப் போகிறார். அத்தோடு மங்களம்.

சம்மனசு வேடம் என் கொழுந்தனுக்கு. அவரை வானத்திலிருந்து இறக்குவது எங்கள் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை. கமலையின் உருளையை மேடைக்கு மேலுள்ள புளியங்கிளையில் கட்டி, வடத்தின் ஒரு முனையை அவர் இடுப்பிலும் மறு முனையைக் காளைகளின் நுகத்திலும் மாட்டுவார்கள். கிணற்றில் காளைகள் முன்னால் நடந்தால் தண்ணீர்ச் சால் மேலே ஏறும், பின்னால் நடந்தால் கீழே இறங்கும். சம்மனசுக்கும் அப்படித்தான். காளைகளைப் பின்னால் நடத்துவது என் வீட்டுக்காரர் பொறுப்பு.

போன திருவிழாவில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், எல்லோருக்கும் தெரிந்த மெட்டாக இருக்கட்டும் என்று, சம்மனசு இறங்கும் பாட்டைத் தண்ணீர் இறைக்கும்போது பாடுகிற கமலைப் பாட்டின் மெட்டில் அமைத்துவிட்டார். காளைகளுக்கும் அந்த மெட்டு தெரியும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ஊரே சேர்ந்து பாடியதும் அவை தம் வேலையைச் செய்தன. முன்னால் நடந்தன. காக்காப்பொன் ஒட்டிய இறக்கையோடு சம்மனசு மேலே போனார்.

"ஏலே, பாட்ட நிறுத்துங்கடா! அண்ணே, மாட்டப் பிடிண்ணே, கிளை இடிக்குது!" என்று மேலிருந்து கத்தினார் கொழுந்தன்.

"விடுங்கப்பா, அவுக வந்த வழியே மோட்சத்துக்குத் திரும்புறாக!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பில் பாட்டு இன்னும் பலத்தது.

கன்னிப் பெண் வேடம் போட்டவர் பாவம், இன்னொரு தரம் அழுது பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு எழுந்து, சிறைக் கதவைக் கையால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

என் மடியில் இருந்த மகள் என் முகத்தைத் திருப்பினாள். "சம்மனசு வரலையேம்மா. அவுகளே தொறந்துக்கிட்டாக. அப்ப பூட்டலையா?"

"பூட்டித்தான் இருந்துச்சு."

"அப்ப எப்படித் தொறந்தாக?"

"சரி, பூட்டல."

"அப்ப ஏன் அம்புட்டு நேரம் அழுதாக?"

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அந்தக் கதையைத்தான் கேட்பாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். ஒரு நாள் படித்தபடியே சம்மனசை வரவழைப்பேன். பிறகு, நாளைக்கு ஓர் ஆபத்து வந்தால் இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ என்று பயம் வரும். மறுநாள் அந்தப் பெண்ணே கதவைத் தள்ளுவாள். பிறகு, பிள்ளையிடமிருந்து செபத்தைப் பிடுங்குகிறேனோ என்று பயம் வரும்.

"ஏத்தா, ஏதாச்சும் ஒரு முடிவச் சொல்லு. பிள்ள முழிக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"எந்த முடிவுன்னு நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தோட்டத்துல வேல கெடக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கோடையில் தானியம் தீர்ந்து, எங்கள் குலுக்கை காலியாக இருந்தது. என் நெஞ்சு உயர மண் குதிர் அது. உச்சியில் கனத்த பலகை மூடி. ஒரு நாள் உச்சி வேளையில் சின்னவனைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். தெருவில் தேடினேன். அடுத்து என் கால்கள் தோட்டத்துக் கிணற்றுக்குத்தான் ஓடின. கிணற்றுத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கே காளைகள் இறைக்காமல் நின்றதைக்கூட நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் கொழுந்தன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வேர்வையில் நனைந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"மதினி, வடம் அறுந்துபோச்சுன்னு வேற வடம் எடுக்க வந்தேன். குலுக்கைக்குள்ள பிள்ள கெடக்கு!"

மாற்று வடத்தை எலிக்குப் பயந்து அந்தக் காலிக் குலுக்கையில்தான் போட்டிருந்தோம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவள் கண் திறந்து அவரைப் பார்த்தாள். "றெக்கை எங்க சித்தப்பா?" என்றாள்.

உரல் மேல் ஏறி, உள்ளே இறங்கி, சிறை விளையாட்டுக்காக, பாதி திறந்து கிடந்த மூடியைத் தானே இழுத்திருக்கிறாள். அது இறுகிக்கொண்டது.

"கூப்பிட்டிருக்கலாம்ல தாயி? ஏன் கூப்பிடல?" என்று அழுதேன்.

"இன்னைக்கு எந்த முடிவுன்னு நீ சொல்லலையேம்மா."

அவள் தூங்கிய பிறகு அந்த மூடியை நானே தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையாலும் சிரமம். அவளால் தள்ளியிருக்க முடியாது. கத்தியிருந்தாலும் நான் கிணற்றடியில் இருந்தேன், கேட்டிருக்காது. ஒருவேளை, அவள் முதலிலேயே கத்தியிருந்தால், நான் கிணற்றுக்கே போயிருக்க மாட்டேனோ?

"சரியா அந்த நேரத்துல வடம் அறுந்துச்சே, அது யாரு செயல்?" என்றார் வீட்டுக்காரர்.

"நைஞ்ச வடம்ண்ணே. மாத்து மாத்துன்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். சம்மனசா வந்து அறுத்தாரு?" என்றார் கொழுந்தன்.

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. கொழுந்தன் சொன்னபோதே வடத்தை மாற்றியிருந்தால், அன்று குலுக்கையைத் திறக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். வடம் நைந்திருந்ததற்கு நான் நன்றி சொல்வதா?

மூடியை எடுத்து எறிந்துவிட்டோம். இப்போது குலுக்கைக்குச் சாக்குதான் மூடி. கதைக்கு அப்படி ஒரு வழி தெரியவில்லை. திருவிழா மறுபடி வருகிறது. புது வடம் வாங்கியாயிற்று, பாட்டின் மெட்டையும் மாற்றியாயிற்று. மகள் மாலையானால் பாயை விரித்துக் காத்திருக்கிறாள். தூக்கம் வருகிறது என்று நான் படுத்துக்கொள்கிறேன்.

இதை வாசிக்கும் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எந்த முடிவைச் சொல்கிறீர்கள்? தள்ளு என்றா, கூப்பிடு என்றா, காத்திரு என்றா? மூன்றையும் சொல்வதென்றால், எதை முதலில் சொல்ல வேண்டும்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சின்னவனும் கதை கேட்கத் தொடங்கிவிட்டான்.